வெண்ணிலாவின் ஆரஞ்சுத் துடுப்புகள்

பொழிச்சலூரில் விமானம் தலைக்கு மேல் இறங்கும்போது மற்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார்கள். வெண்ணிலா நிறுத்த மாட்டாள். குரலை இன்னும் ஒரு கட்டை ஏற்றிக்கொண்டு பேசுவாள். அவளுடைய பைபர் பட்டறையில் ரெசின் பசையின் நெடியும் அந்தக் குரலும்தான் எப்போதும் நிறைந்திருக்கும். குளியலறைக் கதவு, தண்ணீர்த் தொட்டிக்கு மூடி, பள்ளிக்கூடத்துச் சறுக்குமரம், ஒருமுறை பம்மலில் ஒரு வீட்டு வாசலில் மாதா சிலை வைக்கக் குகை மாதிரி ஒரு கெபி என்று யார் எதைக் கேட்டு வந்தாலும் முதலில் ஒப்புக்கொள்வாள். எப்படிச் செய்வது என்பதைப் பிறகுதான் யோசிப்பாள். பெரும்பாலும் அது சரியாகவே வந்தும்விடும்.

தாம்பரத்துக்குத் தெற்கே ஓர் ஏரியில் வாடகைப் படகு விடும் இடத்தைப் பார்த்துக்கொள்பவன் லாசரஸ். முப்பதைத் தொடாத ஆள். மரத்துடுப்புகளெல்லாம் வெடித்துவிட்டன, பைபரில் செய்து தர முடியுமா என்று கேட்டுக்கொண்டு ஒரு பழைய துடுப்பைத் தோளில் சாத்தியபடி வந்தான்.

"இதுல இன்னா தம்பி கீது? ஒரு கம்பு, நுனியில ஒரு இலை. இதைவிட நல்லாவே பண்ணித் தரேன்" என்றாள் வெண்ணிலா.

பட்டறையில் துடுப்பின் தட்டையான நுனிக்கு அன்றிலிருந்து இலை என்றே பேராகிவிட்டது. பழைய துடுப்பின் இலை ஒடுக்கமாக இருந்தது. அகலமாக்கினால் நிறையத் தண்ணீரைத் தள்ளும், படகு பறக்கும் என்பது அவள் கணக்கு. வாழையிலை மாதிரி அகலம், கெட்டியான விளிம்பு, கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு நிறம். ஒரு வண்டி நிறைய ஏற்றி அனுப்பியபோது, பட்டறையைக் கடந்து போனவர்கள் நின்று பார்த்தார்கள். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்த வார ஞாயிற்றுக்கிழமையே லாசரஸ் போன் செய்தான்.

"அக்கா, ஒரு தபா நீங்களே வந்து பாத்துடுங்க. ஜனங்க கையை உதறிக்கினு எறங்குறாங்க. பாதிப் பேரு திரும்பி வரவே பேஜாராகுதுன்றாங்க."

"அவங்களுக்குத் துடுப்பு போடத் தெரியலைன்னு சொல்லு."

"உங்களுக்குத் தெரியுமாக்கா?"

வெண்ணிலா ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள்.

ஏரிக்கரையில் நல்ல கூட்டம். அத்தனை பேர் பார்க்க, சுடிதார் துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு படகில் ஏறி உட்கார்ந்தாள். துடுப்புகளைப் படகின் விளிம்பிலிருந்த இரும்புக் கவைகளில் பொருத்தி இழுத்தாள். படகு நகர்ந்தது. ஆனால் நாலைந்து இழுப்புக்குள் தோள்பட்டை எரிய ஆரம்பித்தது. தண்ணீரைவிட்டுத் துடுப்பைத் தூக்கினால் வெளி நுனியின் கனம் கைப்பிடியை மேலே எத்தியது. அதை அடக்கியபடி மறுபடி தண்ணீரில் இறக்கும்போது இலை சாய்ந்து, கத்தி போல ஆழத்துக்குப் போய் மாட்டிக்கொண்டது. படகோ முன்னே போய்க்கொண்டிருந்தது. கைப்பிடி திரும்பி வந்து வயிற்றில் ஒரு இடி இடிக்க, வெண்ணிலா காலைத் தூக்கிக்கொண்டு படகுக்குள்ளேயே மல்லாந்து விழுந்தாள்.

கரையே சிரித்தது. அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் எழுந்து உட்கார்ந்தவள் கரைக்குத் திரும்பவில்லை. லாசரஸ் கையாட்டிக் கூப்பிட்டும், மெதுவாக, துடுப்பு தண்ணீருக்குள் என்ன செய்கிறது என்று பார்த்துக்கொண்டே வலித்தாள்.

அப்போதுதான் அது கண்ணில் பட்டது. இலை தண்ணீரில் இறங்கிய இடத்தில் ஒரு சின்னச் சுழி உண்டாயிற்று. அவள் இழுத்து முடித்தபோதும் அந்தச் சுழி ஏறக்குறைய அதே இடத்தில்தான் சுற்றிக்கொண்டிருந்தது. நகர்ந்தது படகு! தண்ணீரைப் பின்னால் தள்ளுகிறோம் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தாள்? துடுப்பு தண்ணீரில் ஊன்றிக்கொள்கிறது. அந்த ஊன்றலைப் பிடித்துக்கொண்டு நாம் படகை இழுத்துப் போகிறோம். ஊன்றிக்கொள்ள வேண்டிய அளவு இலை போதும். அதற்கு மேல் அகலமெல்லாம் தோளுக்குத் தண்டனை.

வீட்டில் அவள் கணவன் கதிரேசன் அவள் தோளில் எண்ணெய் தேய்த்துவிட்டபடி கேட்டுக்கொண்டிருந்தான். மாநகரப் பேருந்து ஓட்டுபவன்.

"நீ பண்ணினது டாப் கியர்ல வண்டி எடுக்குற மாதிரி. நின்ன வண்டி எப்படிக் கெளம்பும்?" என்றான்.

"அதேதாங்க! கவைக்கு வெளியே நீளம் ஜாஸ்தி, உள்ளே கம்மி. கை கொஞ்சூண்டு நகர்ந்தா இலை எங்கேயோ போவுது. அதான் இந்தக் கனம்."

மறுநாள் பட்டறையில், துடுப்பு கவைக்குள் நழுவாமல் தடுக்கும் வளையத்தை அறுத்து வெளிப்பக்கமாக நகர்த்தி ஒட்டினாள். கைப்பக்கம் நீண்டது, இழுப்பு லேசாயிற்று. ஏரிக்கு எடுத்துப் போய் உட்கார்ந்து இழுத்தால், இரண்டு கைப்பிடிகளும் நடுவில் ஒன்றின் மேல் ஒன்று ஏறி விரல் முட்டியைச் சிராய்த்துவிட்டன. படகின் அகலம் அவ்வளவுதான். அதை யார் இழுத்து நீட்டுவது? வளையத்தைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்து, வெளிநீளத்தைக் குறைத்தாள். இலையை ஒடுக்கி, தண்ணீரை அணைத்துப் பிடிக்கிற மாதிரி லேசாகக் குழித்து, விளிம்பை மெலிதாக்கினாள். கம்பை உள்ளே வெற்றுக் குழாயாக்கினாள். கைப்பிடிக்குள் ஈயக் குண்டுகளைப் போட்டு ரெசினால் அடைத்தாள். இப்போது கவையில் வைத்தால் துடுப்பு தராசு மாதிரி நின்றது. கவையில் உட்காரும் இடத்தில் ஒரு பக்கம் தட்டையாகச் சீவிவிட்டாள். புதிதாகப் பிடிப்பவர் கையிலும் இலை தானாகவே நிமிர்ந்து நிற்கும்.

அந்தப் புது ஜோடியை முயன்று பார்க்க அவள் போன மாலையில் காற்று கிளம்பிவிட்டது. அங்கிருந்த ஒரே மோட்டார் படகு பழுதாகிக் கரையில் கிடந்தது. ஏரியின் மறுகரையில், ஆரஞ்சுத் துடுப்போடு போன ஒரு குடும்பம் ஆகாயத்தாமரைக்குள் புகுந்து சிக்கிக்கொண்டிருந்தது. ஒரு பெண்ணின் அலறல் காற்றில் வந்தது.

"வாங்கக்கா" என்று லாசரஸ் கயிற்றோடு படகில் குதித்தான்.

"நீ ஒக்காந்து வழி சொல்லு. நான் போடறேன்" என்றாள் வெண்ணிலா.

அவள் முதுகு போகும் திசையைப் பார்த்திருக்க, லாசரஸ் எதிரே உட்கார்ந்து "லெப்ட்ல அழுத்துக்கா, நேரா, நேரா" என்று கத்தினான். எதிர்க்காற்று. ஒவ்வொரு இழுப்புக்கும் படகு சின்னதாக ஒரு எட்டு வைத்தது. ஆனால் வைத்தது. புதுத் துடுப்பு நழுவவில்லை, ஆழத்துக்கு ஓடவில்லை. உள்ளங்கையில் கொப்புளம் உடைந்து எரிந்தபோதுகூட அவளுக்குள் ஒரு குஷி ஓடிக்கொண்டிருந்தது.

ஆகாயத்தாமரையை நெருங்கியதும் அவள் துடுப்பு பயன்படவில்லை. ஒடுங்கிய இலை செடிகளைக் கிழித்துக்கொண்டு உள்ளே போனதே தவிர, எதிலும் நிற்கவில்லை.

"அண்ணா, அந்த ஆரஞ்சைச் செடி மேல படுக்க வச்சு உந்துங்க! தண்ணியில போடாதீங்க!" என்று அந்தப் படகிலிருந்த ஆளிடம் கத்தினாள்.

அவர் எழுந்து நின்று, அகலமான இலையைச் செடிப் படுகையின் மேல் அழுத்தி உந்தினார். தண்ணீரில் யாருக்கும் உதவாத அந்த அகலம் செடிமேல் நன்றாக நின்றது. படகு ஒரு முழம் விலகியது. இன்னொரு உந்தலில் லாசரஸ் வீசிய கயிறு எட்டிவிட்டது. திரும்பும்போது அதே காற்று படகைத் தள்ளிக்கொடுத்தது. கரையில் இறங்கிய குழந்தை, எதுவுமே நடக்காதது போல ஐஸ்கிரீம் கேட்டது.

ஆரஞ்சுத் துடுப்புகளை அவள் திரும்ப வாங்கிக்கொண்டாள். செடி தள்ளுவதற்கென்று சிலவற்றை லாசரஸ் கேட்டு வைத்துக்கொண்டான். மற்றவற்றுக்குப் பதிலாகப் புது ஜோடிகள் போயின. கொஞ்ச நாளில் வேறு ஏரிகளிலிருந்தும் கேட்டு வந்தார்கள்.

ஒருநாள் கோவளம் பக்கத்திலிருந்து சவுரிமுத்து என்ற மீனவர் பட்டறைக்கு வந்தார். துடுப்பைக் கையில் வாங்கி, தூக்கிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினார்.

"ஏரிக்கு இது ஓகேம்மா. கடலுக்குச் சரிப்படாது. அலை தூக்குறப்போ தண்ணிக்கே எட்டாது."

"அப்ப ஞாயித்துக்கெழமை என்னை உங்க படகுல ஏத்திக்கினு போங்கண்ணா. ஒக்காந்து வலிச்சுப் பாக்காம நான் துடுப்புக்கு அச்சு போடறதில்ல."

கடல் அவளைச் சும்மா விடவில்லை. இரண்டாவது அலையைத் தாண்டியதும் சாப்பிட்ட இட்லி அத்தனையும் வெளியே வந்தது. திரும்பிவிடலாமா என்று சவுரிமுத்து கேட்டார். வெண்ணிலா வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, அவர் கையிலிருந்த நீளத் துடுப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.