கோழித் தட்டில் எரிந்த கற்பூரம்

2006 யூலை. ஜேர்மனியில், ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேர் முடிந்த மறுநாள் இந்தப் பயணம் போனேன். கோயிலிலிருந்து பதினெட்டுக் கிலோமீற்றரில் ஒரு பார்லி வயல் இருக்கிறது. இரண்டாம் உலகப்போரில் இங்கிலாந்துக் குண்டுவீச்சு விமானமொன்று சுடப்பட்டு அங்கே விழுந்தது. உள்ளே ஏழு பேர். ஆறு பேரை எடுத்துப் புதைத்தார்கள். வால்பக்கத் துப்பாக்கிக்காரப் பொடியன் மட்டும் கிடைக்கவேயில்லை. இதையெல்லாம் நூல்நிலையத்தில் அகராதியைப் பக்கத்தில் வைத்து, ஒரு ஜேர்மன் புத்தகத்தை எழுத்துக்கூட்டிப் படித்து அறிந்தேன்.

அந்தப் பொடியனுக்குக் கற்பூரம் கொளுத்தப்போகிறேன் என்றதும், குண்டு போட வந்தவனுக்கா கற்பூரம் என்று என் மகன் கேட்டான். எங்கள் ஊரில் குண்டு விழுந்தபோது பதுங்குகுழிக்குள் கிடந்தவன் நான். அவன் அப்போது பிறக்கவுமில்லை. எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. கடலில் வள்ளத்தில் போன என் தம்பி திரும்பி வரவில்லை. அவனுக்கு விளக்கு வைக்க ஓரிடமில்லை. இடம் தெரிந்த ஒருவனுக்காவது வைப்போம் என்றுதான் புறப்பட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கம் பேருந்து கிடையாது. டாக்ஸி ஓட்டும் ராசனோடு போனேன். ஒரு வழிக்கு 32 யூரோ. வயலோரத்தில் ஏழு பெயர் வெட்டிய கல். பார்லி அறுத்திருந்தார்கள்; தாள்கள் சருகாய்க் காய்ந்து நின்றன. கல்லடியில் கற்பூரத்தை வைத்து நெருப்புப்பெட்டியை எடுத்ததுதான் தாமதம், பண்ணை வீட்டிலிருந்து ஒரு வயதான அம்மா தண்ணீர் வாளியோடு ஓடிவந்தார்.

"அண்ணை, வயல் பத்திப்போடுமாம். வேண்டாமாம்," என்றான் ராசன்.

"எனக்கும் விளங்குது."

"விளங்கினா எடுத்து வையுங்கோவன்."

"ஏலாது. ஏன் வந்தனான் எண்டு சொல்லு."

அவன் ஏழாவது பொடியனைப் பற்றிச் சொன்னான். நான் சொல்லச் சொல்லாத தம்பியின் கதையையும் சேர்த்துச் சொன்னான். அந்த அம்மா வாளியை வைத்துவிட்டு உள்ளே போனார்.

"பொலிசுக்குப் போன் அடிக்கப்போறா. வாங்கோ, போவம்."

"நீ போ. நான் இருக்கிறன்."

அவர் நெளிந்த ஓர் அலுமினியத் தட்டோடு திரும்பினார். விளிம்பில் ஆணித் துளைகள். விமானத்தின் இறக்கைத் தகடாம். போருக்குப் பிறகு உலோகம் கிடைக்காத காலத்தில், கோழிக்குத் தீனி வைக்க அவருடைய அப்பா அடித்து வளைத்ததாம்.

"கழுவித்தான் கொண்டு வந்தவவாம், அண்ணை," என்றான் ராசன்.

தட்டைக் கல்லின் முன் வைத்துக் கொளுத்தினேன். கும்பிட்டு முடித்ததும் அவர் வாளியைத் தூக்கினார். நான் குறுக்கே கையை நீட்டி, இதை அணைக்கக்கூடாது, தானாய் அடங்கவேண்டும் என்று என்னுடைய ஜேர்மனிலேயே சொன்னேன். தனக்கு வேறு வேலை இருக்கிறதென்று முணுமுணுத்தார். ஆனால் போகவில்லை. பிடிவாதத்தில் எனக்குச் சளைத்தவரில்லை. கடைசிச் சுடர்வரை வாளியும் கையுமாய் நின்றார்.

அடங்கியபின் தட்டின் நடுவே விரலால் தடவிப் பார்த்தார்.

"ஒண்டும் மிஞ்சேல்லையோ எண்டு கேக்கிறா," என்றான் ராசன்.

"இல்லை. மிஞ்சாது எண்டு சொல்லு."

அவர் ஒருமுறை வயலைப் பார்த்தார். பிறகு தட்டை இடுப்பில் கட்டியிருந்த சமையல் ஏப்ரனில் துடைத்து எடுத்துக்கொண்டு, அடுத்த வருடம் வருவதென்றால் மழைக்குப் பிறகு வா என்றார்.

போக நினைப்பவர்களுக்கு: ஞாயிறு தவிர்த்துக் கிழமை நாளில் போனால் பேருந்து உண்டு. முதலில் பண்ணை வீட்டில் கேளுங்கள். நான் கேட்கவில்லை, நீங்கள் கேளுங்கள். கற்பூரம் மட்டும் கொண்டுபோனால் போதும். தட்டு அவரிடம் இருக்கிறது.