எட்டாம் பதிவேடு

நம்பினால் நம்புங்கள். போன ஜூலை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகலில் எனக்கு நடந்தது இது.

மும்பை தாராவியில் எங்கள் ஊர்ச் சங்கக் கட்டடத்தை இடிக்கப்போகிறார்கள். எந்தக் குடும்பம் எந்த வருஷம் இங்கே குடியேறியது என்று எழுதிவைத்த பழைய பதிவேடுகள் அங்கே இருந்தன. பலருக்கு வேறு அத்தாட்சி கிடையாது. அதனால் நாங்கள் சிலர் சம்பளமில்லாமல் ஸ்கேன் எடுத்துக்கொண்டிருந்தோம். வேலையைத் தொடங்கியது நான். பெயர் வாங்கியது பரீஹா. அவள் வந்து மூன்றே மாதம். "பரீஹா எடுத்தா ஒரு பக்கம் கோணாது" என்பார் சங்கத்தில் முப்பது வருஷமாக இருக்கும் வைத்தீஸ்வரன் சார். கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

அன்று அவளை முந்திவிட வேண்டும் என்று சீக்கிரமே போனேன். மணி 2.50. கொட்டும் மழை. கதவு திறந்திருந்தது. உள்ளறையில் ஸ்கேனர் ஓடும் சத்தம்... ஸ்ர்ர்... டக். ஸ்ர்ர்... டக்.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒருத்தி. முதுகுதான் தெரிந்தது. தலையில் முக்காடு.

இன்றைக்கும் முந்திக்கொண்டாள்! ஆத்திரத்தில் நான் கூப்பிடவே இல்லை. முன்னறையில் உட்கார்ந்தேன். வாசலில் அவள் செருப்பு இல்லாதது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

3.10. கரண்ட் போனது. ஃபேன் நின்றது.

ஸ்ர்ர்... டக்.

கரண்ட் இல்லாமல் அந்த ஸ்கேனர் ஓடாது.

"பரீஹா?"

தடுப்புக்கு அடியிலிருந்து தண்ணீர் வந்து என் காலைத் தொட்டது. சேற்று நாற்றம்...

போன் அடித்தது. பரீஹா!

"லிசாக்கா, மழையில டிரெயின் குர்லாலயே நிக்கு. வர லேட்டாவும்."

நிமிர்ந்தேன்.

சத்தம் இல்லை.

அவளும் இல்லை.

ஓடிவந்துவிட்டேன்.

மறுநாள் கம்ப்யூட்டரில் 41 புதிய பக்கங்கள். அத்தனையும் நேராக, சுத்தமாக. எடுத்தவர் பெயர் போடும் இடம் காலி. "நான் எடுக்கலியே" என்றாள் பரீஹா. பயம் ஒரு பக்கம் இருந்தது. ஆனாலும் அந்தப் பக்கங்கள் அவள் கணக்கில் போய்ச் சேர்ந்துவிடக் கூடாதே... என் பெயரைப் போட்டேன்.

மாலை 6.20. வைத்தீஸ்வரன் சார் போன் செய்தார். பாராட்டத்தான் என்று நினைத்தேன்.

"லிசா, நீ ஸ்கேன் எடுத்த இந்த எட்டாம் ரெஜிஸ்டர் உனக்கு எங்கே கெடைச்சுது?"

"அலமாரியிலதான் சார்."



"ரெண்டாயிரத்தஞ்சு வெள்ளத்துல, நம்ம ஆபீஸ்ல இருந்த முத்துமாரி அதை நெஞ்சோட அணைச்சுண்டு வெளியே ஓடினா. நாலு நாள் கழிச்சு அவ பாடி கெடைச்சுது. ரெஜிஸ்டர் கெடைக்கவே இல்லை, லிசா."