தொட்டிக்குள் தொங்கிய காந்தம்

கோலா தெர்லாவில் காய்கறி லோரி ஓட்டிய வேலை போனதும், தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லைனில் இருந்த அக்கா வீட்டில் வந்து ஒண்டினேன். படிப்பு பாதியில் நின்றவனுக்கு வேலை இருக்கும் இடம்தான் ஊர். மழை பெய்தால், லைனுக்குப் பொதுவான தொட்டியிலிருந்து வரும் குழாயில் செம்மண்தான் வரும். வடிகட்டிக் காய்ச்சிக் குடிக்க நாங்கள் பழகியிருந்தோம். அக்காவின் கைக்குழந்தைக்குப் பழகவில்லை. டின் பால் கலக்கிக் கொடுத்தாலே வயிற்றால் போனது.

ஒருநாள் பல்கலைக்கழகத்திலிருந்து சிலர் வந்தார்கள். எங்கள் தொட்டித் தண்ணீரைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றிக் கறுப்புத் தூளைக் கலந்தார்கள். தூளின் துகள்கள் கண்ணுக்கே தெரியாதவை, அழுக்கைப் பிடித்துக்கொள்ளும், சுற்றியுள்ள கம்பிச் சுருளில் மின்சாரத்தை மாற்றினால் காந்தம் இழுக்கும் பக்கம் போகும் என்றாள் அவர்களில் தமிழ் பேசிய பெண். அப்படியே நடந்தது. கறுப்பு மேகம் எழும்பி, வளைவில் திரும்பி, ஓரமாக ஒதுங்கியது. தண்ணீர் தெளிந்தது.

“மாடு ஓட்டுற மாதிரில்ல ஓட்டுறாங்க லா,” என்றார் அக்காவின் கணவர்.

அக்கா கேட்டாள், “இத புள்ளைக்குக் குடுக்கலாமாம்மா?”

“வேணாங்கக்கா. இது சோதனைதான். குடிக்கிற அளவுக்கு இன்னும் வரல.”

அவள் உண்மையைச் சொன்னாள், அவள்மேல் கோபமில்லை. கூட வந்திருந்த தோட்டத்து மேனேஜர்தான் அந்தக் கண்ணாடிக் குழாயைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்துக்கொண்டார், எங்கள் தொட்டியையே கழுவிவிட்டவர் போல. அக்கா தொட்டியைக் காட்டியதும் காரில் ஏறிவிட்டார்.

தொழிற்சாலையில் தேத்தூள் விழும் வழியில் ஒரு காந்தக் கட்டை உண்டு. தூளில் ஆணி, கம்பித் துண்டு கிடந்தால் பிடித்துக்கொள்ளும். அங்கே வேலை பார்த்த அக்காவின் கணவர், ஞாயிற்றுக்கிழமை அதைக் கழற்றி வந்து தொட்டிக்குள் கயிற்றில் தொங்கவிட்டார்.

“அந்தத் தூளு வேணுமே மாமா,” என்றேன்.

“மண்ணு எப்படிச் செவந்து கெடக்கு பாரு. இரும்பு இல்லாமயா? இழுக்கும்டா.”

இழுக்கவில்லை. திங்கட்கிழமை காலையில் காந்தத்தைக் காணோமென்று, தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி லைனுக்கே வந்து கத்தினார்.

“தேத்தூளுல ஆணி போனா யாருய்யா பதில் சொல்றது?”

“எம்புள்ள வயித்துல மண்ணு போவுதே கிராணி, அதுக்கு யாரு?” என்றாள் அக்கா.

“அத மேனேஜர்கிட்ட கேளு.”

காந்தத்தைத் திருப்பிக் கொண்டுபோக மோட்டார் சைக்கிள் வந்தது, இரண்டு ஆள் வந்தார்கள், உடனே மாட்டி மிஷினை ஓட்டிவிட்டார்கள். விற்கப்போகும் தூளுக்கு அவ்வளவு அவசரம். எத்தனை மழைக்கு நாங்கள் முறையிட்டோம், தொட்டிக்காக ஒருவர் ஓடிவந்ததுண்டா?

அக்கா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனாள். நானும் போனேன். போலீசுக்குச் சொல்லாமல் விட்டதே பெரிது என்றார் மேனேஜர். அக்கா, குழாய்த் தண்ணீர் பிடித்து வந்த பால் போத்தலை அவர் மேசைமேல் வைத்தாள். உள்ளே தண்ணீர் செக்கச்செவேலென்று இருந்தது.

“ஒரு வாய் குடிங்க தொர. குடிச்சிட்டீங்கன்னா நான் போயிடுறேன்.”

அவர் போத்தலைத் தொடவில்லை. அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.