பெண் செடியில் ஆண் பூ

வேலியில் சீரியல் லைட் போடலாமா என்று வருஷா வருஷம், பசங்களா, நீங்கள் இரண்டு பேரும் கேட்கிறீர்கள். கரண்ட் வீண் என்று சொல்லித் தப்பித்துக்கொண்டிருந்தேன். அது பொய். வாயால் சொல்ல வரவில்லை, அதனால் எழுதிவிடுகிறேன். பத்தாவதோடு நின்றவன் எழுத்து, தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முன்பு இருந்த வாடகை வீட்டில், பின் வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு கண்ணாடிக் கொட்டகை இருந்ததே, ஞாபகம் இருக்கா? அந்த வீட்டு ஆன்ட்டிக்குச் சர்க்கரை வியாதியில் இரண்டு கண்ணும் போய்விட்டது. காலில் நரம்பு வலி. கொதிக்கிற கல்மேல் நிற்கிற மாதிரி எரியுது என்பார். சான் ரமோன் ஓட்டலில் நாள் முழுக்க தோசைக்கல் முன்னால் நிற்கிறவன் நான், எனக்குப் புரிந்தது. அவர் ராத்திரி தூங்க ஒரே வழி, கொட்டகையில் அவரே வளர்த்த கஞ்சாச் செடிகள். முகம் சுளிக்காதீங்க. கலிஃபோர்னியாவில் பெரியவர்கள் வீட்டுக்கு ஆறு செடி வைத்துக்கொள்ளலாம். பூவை எண்ணெயில் காய்ச்சி வைத்துக்கொள்வார். கடைச் சரக்கு அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு அறுவடை ஒரு வருஷம் வரும்.

பப்பாளி மாதிரி இதிலும் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. மருந்து பெண் பூவில்தான். ஒரு ஆண் தப்பி நின்று மகரந்தம் உதிர்த்தால் போச்சு, எல்லாம் விதையாகிவிடும். ஆகஸ்ட் வாக்கில் கணுவில் தெரியும். ஆணுக்குக் கடுகு மாதிரி உருண்டை, பெண்ணுக்கு இரண்டு வெள்ளை முடி. கண் இருக்கிறவர்களே பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார்களாம். ஆன்ட்டி விரல் நுனியால் பார்த்தார்.

ஒரு சாயங்காலம் அதைப் பார்த்துவிட்டேன். கொட்டகையில் விளக்கு இல்லை. அவருக்கு எதற்கு விளக்கு? உள்ளே வெள்ளைத் தலை மட்டும் செடி செடியாக நகர்கிறது. ஒரு கணுவில் விரல் நின்றது. "பாய்" என்றார், ஆண் செடிக்கு அவர் வைத்த இங்கிலீஷ் பேர், வேரோடு பிடுங்கினார். அடுத்த செடியைக் கணுக் கணுவாகத் தடவிக்கொண்டு போனார். மறுபடியும், "பாய்." பிறகு என் பக்கம் திரும்பாமலே, "இன்னிக்கு வெங்காயம் நிறைய நறுக்கினியா?" என்று கேட்டார். வேலியோரம் சத்தம் போடாமல்தான் நின்றிருந்தேன், என் சட்டை வாசனை காட்டிக்கொடுத்துவிட்டது.

மிச்சம் நாலு பெண்.

அப்புறம் பிள்ளையார் சதுர்த்தி வந்தது. உங்களுக்காக வேலி நீளத்துக்கும் லைட் கட்டினேன், நீலமும் ரோஸும். தீபாவளிக்கு எப்படியும் மறுபடி கட்டணும், எதற்குக் கழற்றுவது என்று விட்டுவிட்டேன். ராத்திரி பூரா எரியும்.

சில வாரம் கழித்து ஆன்ட்டி வேலியோரம் என்னைக் கூப்பிட்டார். குரல் தாழ்ந்திருந்தது.

"ராத்திரியில யாரோ வர்றாங்க."

"யாரு?"

"தெரியல. இதுங்களைத் தூங்கவிடாம எழுப்புறாங்க. பெண்ணுன்னு நான் தொட்டுப் பார்த்த செடியில இன்னிக்கு ஆண் பூ இருக்கு. இருட்டுல நிம்மதியா இல்லைன்னா இப்படித்தான் மாறும்."

கொட்டகைப் பூட்டைப் போய்ப் பார்த்தேன். அப்படியே இருந்தது. வீட்டில் வந்து சொன்னால், "பசங்க முன்னாடி பேய்க் கதை வேணாம்" என்று உங்க அம்மா அடக்கினாள். உங்களில் பெரியவன் "க்ரீப்பி, அப்பா" என்று ஜன்னல் திரையை இழுத்து விட்டான்.

மறுநாள் விடியும் முன்னே எழுந்து பின்பக்கம் போய் நின்றேன். கண்ணாடிக்கு உள்ளே, விரல் விரித்த இலைகள் ஒட்டிக்கொண்டிருந்தன, யாரோ உள்ளிருந்து உள்ளங்கையைப் பதித்த மாதிரி. நீலமாகத் தெரிந்தன. மறைந்தன. ரோஸாகத் தெரிந்தன. ராத்திரி வருகிற ஆள் நான்தான்.

பிளக்கைப் பிடுங்கினேன். சொல்லவில்லை. அவருக்குத் தெரிய வழியே இல்லையே என்ற தைரியம். மூன்று நாள் கழித்து அவரே சொன்னார்: "இன்னொண்ணும் மாறிடுச்சு. ரெண்டையும் பிடுங்கிட்டேன். மீதி ரெண்டும் போனா இந்த வருஷம் எனக்குத் தூக்கம் இல்ல."

அப்போதுதான் லைட் விஷயத்தைச் சொன்னேன்.

"என்ன கலர்?"

"நீலம். ரோஸ்."

"அழகா இருந்துச்சா?"

"பசங்களுக்குப் பிடிச்சுது."

"சரி. உள்ள வா. என் விரலுக்குத் தெரியறதுக்குள்ள ஆண் பூ பெருசாயிடுது. உன் கண்ணு வேணும்."

நம் க்ரீன் கார்டு பேப்பர் அப்போது பாக்கி. ஸ்டேட் சட்டம் ஒத்துக்கொண்டாலும் ஃபெடரல் சட்டம் ஒத்துக்கொள்ளாது, அந்தச் செடி பக்கமே போகாதே என்று வக்கீல் சொல்லியிருந்தார். அதைச் சொன்னேன். "கையைப் பின்னாடி கட்டிக்கோ" என்றார்.

அறுவடை வரை தினமும் காலையில், வேலைக்குப் போகும் முன், கையைக் கட்டிக்கொண்டு அந்தச் செடிகள் நடுவில் நின்றேன். மாறுகிற பெண் செடியில் ஆண் பூ உருண்டையாக வராது, மஞ்சளாக, குட்டி வாழைக்காய் மாதிரி எங்காவது தெரியும். "மேல. இடது பக்கம். இன்னும் கொஞ்சம்." அவர் விரல் தேடி வந்து கிள்ளும்.

இரண்டு செடி தப்பியது. பாதி வருஷத்து மருந்து.

ஏப்ரலில் எண்ணெய் தீர்ந்தது. அதற்கப்புறம் ராத்திரி ராத்திரி வேலிக்கு அந்தப் பக்கம் அவர் நடக்கிற சத்தம் கேட்கும். டக், டக் என்று குச்சி, விடியும்வரை. நீங்கள் இரண்டு பேரும் நன்றாகத் தூங்கினீர்கள்.