நட்சத்திரத்துக்கு முன் உட்காருகிறவர்

முதுகை நிமிர்த்தி, மோவாயைச் சற்றே தூக்கி, இமைக்காமல் உட்கார்ந்திருக்கிறார் நாற்காலி அக்கா. சுற்றிலும் நாலு விளக்கு. "கொஞ்சம் இடது பக்கம்க்கா" என்கிறார் போட்டோகிராபர். அக்கா திரும்புகிறார். உண்மையில் அவர் அந்த ஸ்டுடியோவைப் பெருக்கித் துடைக்கிறவர். பெரிய நடிகை ஒருவருக்கும் இவருக்கும் ஒரே கறுப்பு. அதனால் நடிகை வருவதற்குள் இவர் முகத்தை வைத்து வெளிச்சத்தைச் சரிபார்த்துக்கொள்வார்கள். இவரை எடுத்த படங்களை அன்றைக்கே அழித்துவிடுவார்கள்.

நடிகை உள்ளே நுழைந்ததும் அக்கா விருட்டென்று எழுந்து, நாற்காலியைத் துணியால் அழுத்தித் துடைப்பார். "நான் உக்காந்த சூடு அவங்களுக்கு எதுக்கு?" யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. பார்க்கிற நமக்குத்தான் பற்றிக்கொண்டு வருகிறது.

வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்லை. மேக்கப்காரர், "என்ன ஹீரோயின், கால்ஷீட் கிடைக்குமா?" என்று சீண்டினால், "மாப் போட்டுட்டு வரேன், அதுவரைக்கும் காத்துக் கிட" என்பார்.

வீட்டில் அந்த வாய் எடுபடாது. பதினாலு வயது மகளைப் பள்ளியில் 'கரிக்கட்டை' என்கிறார்கள். வெளுக்கிற க்ரீமைப் பூசிப் பூசிக் கன்னமெல்லாம் புண். டாக்டர் அதட்டியும் கேட்கவில்லை.

"அந்த நடிகையே நம்ம நெறம்தான்டி. பத்திரிகை அட்டைக்குப் பவுடர்கூடப் போடாம எடுத்திருக்காங்க. புஸ்தகம் வரட்டும், உன் கண்ணாலயே பாரு."

"நெஜமாவா?"

"சத்தியமா."

அதுவரை க்ரீமைத் தொடுவதில்லை என்று மகள் ஒப்புக்கொண்டாள். இருபது நாள் டப்பா அலமாரி மேலேயே கிடந்தது. புண்ணும் ஆறத் தொடங்கியது.

நேற்று பத்திரிகை வந்தது. அட்டையில் நடிகை. பாவிகள், உரித்த வெங்காயம் மாதிரி ஆக்கி வைத்திருந்தார்கள்.

மகள் சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. "வெள்ளையாத்தானேம்மா இருக்காங்க" என்று மட்டும் சொன்னாள். எக்கி டப்பாவை எடுத்துக்கொண்டு கண்ணாடி முன்னால் போய் நின்றாள்.

அக்கா அட்டையை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் உற்றுப் பார்த்தார். ஸ்டுடியோவில் ஆயிரம் படம் பார்த்த கண் அல்லவா? கம்ப்யூட்டரில் முகத்தை வெளுப்பாக்கிய ஆள் அவசரத்தில் கம்மலுக்குப் பின்னால் இருந்த காதை மறந்திருந்தான். அது மட்டும் அசல் கறுப்பு.

"இங்க பாருடி... இந்தக் காதைப் பாரு."

மகள் திரும்பவில்லை. டப்பா மூடி திறக்கும் சத்தம் கேட்டது. நடிகையின் முகத்தை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, அந்தக் காதை மட்டும் மகளின் முதுகுக்கு நேராக நீட்டியபடி நின்றார் அக்கா.