கௌடரின் இடுப்பில் ஒரு கயிறு

எங்கள் வீட்டுப் பின்கட்டுச் சுவர் போன வாரம் இடுப்பு உயரத்தில் நின்றுவிட்டது.

செங்கல் இருக்கிறது. சுண்ணாம்பு இருக்கிறது. மேஸ்திரியும் இருக்கிறார்... வேலை மட்டும் நடக்கவில்லை. என்ன சமாசாரம் என்று கேட்டால், மேஸ்திரி காளியப்பன் தலைப்பாகையை அவிழ்த்து மறுபடி கட்டினார்.

"பழனியம்மா கடையில களி இல்லீங்கம்மா. ரெண்டு நாளா வெறும் கஞ்சித் தண்ணி. அதைக் குடிச்சுப்போட்டு சாரத்து மேல ஏறுனா கண்ணைக் கட்டுதுங்க."

பழனியம்மா யார் என்று உங்களுக்குத் தெரியாது. எனக்கும் அதுவரை தெரியாது! ஹனூர் பக்கத்துத் தமிழ்க்காரி. மைசூர் ரயிலடிக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, கட்டட வேலைக்கும் மில் வேலைக்கும் வந்த நம் ஜனங்களுக்கு இரண்டு வேளை களியும் சாறும் போடுகிறவள். அந்த ஜனங்களுக்கு ரேஷன் கார்டு கிடையாது. கார்டு வேண்டுமானால் வீட்டுக்குக் கதவு நம்பர் வேண்டும். சாக்குப் படுதாவுக்கு யார் நம்பர் போடுவார்கள்? ஆகவே பழனியம்மா அடுப்பு எரிந்தால் அவர்களுக்குச் சாப்பாடு. அணைந்தால் ஊருக்கு நடையைக் கட்ட வேண்டியதுதான்.

சரி, அடுப்பு ஏன் அணைந்தது?

மெட்ராஸ் வாசகர்களே, உங்களுக்குச் சுதந்திரம் ஒரே ராத்திரியில் வந்துவிட்டது. எங்கள் சமஸ்தானத்துக்கு அது தவணையில் வந்தது. ஊர்வலம், கடையடைப்பு, தடியடி, கர்ஃப்யூ... எல்லாம் ஒருவழியாக அடங்கி, ஆட்சியும் ஜனங்கள் கைக்கு வந்துவிட்டது. பஸ் ஓடுகிறது. ஸ்கூல் மணி அடிக்கிறது. ஆனால் ராகி வண்டிகள் மட்டும் டவுனுக்குத் திரும்பவில்லை. கலாட்டா நாளில் ஒரு ராகி வண்டியைப் பதுக்கல்காரன் வண்டி என்று நினைத்து ஒரு கூட்டம் கொளுத்திவிட்டது. அந்த ஒரு வண்டியின் புகை சுற்று வட்டாரத்து ஊர் எல்லாவற்றிலும் தெரிந்திருக்கிறது. அதற்குப் பிறகு எவன் மாட்டைப் பூட்டுவான்?

மறுநாள் பழனியம்மாவே என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். நல்ல உயரம். குரலும் அதற்கு ஏற்றாற்போல.

"ஏனுங்கம்மா, எங்கூட ஒரு நாள் வண்டியில வரோணும். நரசிபுரம் ரோட்டுல ஒரு ஊருல ராகி இருக்குதுங்க. பேசிப்போட்டேன். திரும்பி வர்றப்ப மூட்டை மேல நீங்க சும்மா உக்காந்திருந்தா போதும்."

"நான் எதுக்கு?"

"அய்யங்காரம்மா உக்காந்திருக்கிற வண்டியை எந்தக் கூட்டமும் கொளுத்தாதுங்க."

அதாவது, நான் ஒரு பர்மிட்! இத்தனை வருஷமாகப் பத்தி எழுதிக் கிடைக்காத மரியாதை என் மடிசாருக்குக் கிடைத்தது. எங்காத்துக்காரர் பேப்பரை இறக்கிவிட்டு, "ராகி மூட்டை மேலே சவாரியா? பேஷ். மேல்கோட்டையிலே நம்ம மனுஷா கேள்விப்பட்டா சந்தோஷப்படுவா" என்றார். அவர் அப்படிச் சொன்ன பிறகு போகாமல் இருக்க முடியுமா?

விடிவதற்கு முன் கிளம்பி, வெயில் ஏறும்போது ஊர் போய்ச் சேர்ந்தோம். ஊருக்குத் திரும்பும் முக்கில் ஒரு புளியமரம். அதன் ஒரு பக்கம் முழுக்கக் கருகியிருந்தது. வண்டிக்காரன் மாட்டை விரட்டினான்.

ராகியைக் காணோம். குதிர் இல்லை, கிடங்கு இல்லை. மாரம்மன் கோயிலுக்கு எதிரே வெறும் மந்தை. அதன் நடுவில் தரையில் ஒரு ஓட்டை. பக்கத்தில் முதல் நாளே புரட்டிப் போட்ட ஒரு வட்டக் கல்.

"இதுதானுங்க ஹகேவு, ராகிக் குழி" என்றாள் பழனியம்மா.

எட்டிப் பார்த்தேன். ஓர் ஆள் தோளைக் குறுக்கிக்கொண்டு நுழையக்கூடிய வாய். உள்ளே போகப் போக அகன்று, பெரிய ஜாடியை மண்ணுக்குள் புதைத்த மாதிரி... எங்கள் வீட்டுக் கூடம் அதற்குள் அடங்கிவிடும். சுற்றிலும் வைக்கோல் கொடுத்து, நான்கைந்து வருஷத்துக்கு முந்திய நல்ல விளைச்சலை அதில் கொட்டி, மேலே கல்லைப் போட்டு, மண் பூசி மூடியிருக்கிறார்கள். அதன் மேல் மாடு மேய்ந்திருக்கிறது, தேர் ஓடியிருக்கிறது. பர்மா அரிசி நின்றது, ரேஷன் வந்தது, ராஜ்யமே மாறியது. ராகி பாட்டுக்கு அடியில் கெடாமல் இருந்திருக்கிறது! உள்ளேயிருந்து வந்த அந்தச் சூடான மண்வாசனையில் நான் அசந்துபோய் நின்றேன்.

ஊர்க்காரர்கள் அதன் அபாயமும் சொன்னார்கள். மூடிய குழியில் கெட்ட காற்று தங்கும். அவசரப்பட்டு இறங்கினால் ஆள் திரும்ப மாட்டான். ஒரு நாள் திறந்து போட வேண்டும். வேப்பங்கொத்தைக் கயிற்றில் கட்டி மேலும் கீழும் ஆட்டிக் காற்றைக் கலைக்க வேண்டும். பிறகு ஒரு விளக்கை இறக்கிப் பார்க்க வேண்டும். அது நின்று எரிந்தால்தான் ஆள் இறங்கலாம்.

எங்கள் கண் முன்னால் விளக்கை இறக்கினார்கள். பொசுக்கென்று அணைந்தது.

மறுபடி வேப்பங்கொத்து. மறுபடி விளக்கு. இந்தத் தடவை எரிந்தது, எரிந்துகொண்டே இருந்தது. "இறங்கலாம்" என்றார் ஊர்த் தலைவர் புட்டேகௌடர். பெரிய மீசை, கனத்த உடம்பு, மேல்தெருவுக்காரர்.

யாரும் இறங்கவில்லை.

இறங்க வேண்டியவர் கீழ்த்தெரு மாதையா. அந்தக் குறுகின வாய்க்குள் நுழையும் உடம்பும் அந்தக் காற்றில் வேலை செய்யும் பழக்கமும் அவருக்குத்தான் உண்டு. அவர் இடுப்பில் கயிற்றைக் கட்டி இறக்குவார்கள். மறுமுனையை மேல்தெரு ஆட்கள் பிடித்துக்கொள்வார்கள். அதுதான் அந்த ஊர் வழக்கம். உள்ளே மயக்கம் வந்தால் கயிறு ஒன்றுதான் உயிர்.

மாதையா இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டார். மறுமுனையை யாரிடமும் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். பிறகு பேசினார். பேச்செல்லாம் கன்னடத்தில். தமிழில் தருகிறேன்; காரம் கொஞ்சம் குறைந்திருக்கும்.

"கௌட்ரே, கலாட்டா அன்னிக்கு ரெண்டு பேரும்தான் வண்டி கட்டிக்கிட்டுப் போனோம். கூட்டம் வந்ததும் நீங்க உங்க மாட்டைத் திருப்பிக்கிட்டு ஓடிட்டீங்க. நான் தனியா நின்னேன். என் வண்டி எரிஞ்சுது. ஒரு மாடு செத்துப்போச்சு. உங்க கையில கயித்தைக் குடுத்துட்டு நான் எப்படி உள்ளே இறங்கறது?"

நான் பழனியம்மாவைப் பார்த்தேன். அவள் கண் குழியின் மேலேயே இருந்தது. மாதையா இறங்கவில்லை என்றால் வண்டி வெறும் வண்டியாகத் திரும்பும். அவள் கொட்டகை அத்தோடு சரி. உதடு மட்டும் அசைந்தது. தன் ஊர்ப்பக்கத்து மலைச்சாமி மாதேஸ்வரனைக் கூப்பிட்டிருப்பாள்.

கௌடர் தரையைப் பார்த்தபடி கேட்டார். "இப்ப என்ன பண்ணச் சொல்றே?"

"கயிறு உங்க கையில வேண்டாம். இடுப்புல கட்டிக்குங்க. வேலை முடியற மட்டும் அவுக்கக் கூடாது. இன்னொண்ணு... இத்தனை நாளும் குழியில இறங்கினது நாங்க, சுவரோரம் கருத்துப்போன ராகி மட்டும் எங்களுக்கு. இனிமே கீழ்த்தெருவுக்கும் இதுல பங்கு."

மேல்தெரு இளவட்டங்கள் சிலர் முறைத்தார்கள். ஒருவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். கௌடர் கையைக் காட்டி அவனை நிறுத்தினார். பிறகு மாதையாவிடம் போய், கயிற்றின் நுனியை வாங்கி, தன் வேட்டிக்கு மேல் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டுக்கொண்டார். போட்ட முடிச்சை மாதையா இழுத்துப் பார்த்தார்.

நான் எத்தனையோ பிரமுகர்கள் சத்தியப் பிரமாணம் எடுப்பதைப் பார்த்திருக்கிறேன். மாலை, கைதட்டல், போட்டோ எல்லாம் உண்டு. மயிர்க்கூச்செறிந்தது என்னவோ அந்த மந்தையில்தான். ஒருவர் மூச்சு நின்றால் இன்னொருவரும் குழிக்குள் இழுபடுவார். இதைவிடப் பெரிய கான்ஸ்டிட்யூஷன் எழுத முடியுமா என்ன?

மாதையா இறங்கினார். தலை மறைந்தது. கௌடர் காலை அகட்டி ஊன்றிக்கொண்டு நின்றார். வியர்வை மீசையில் சொட்டியது. நிமிஷத்துக்கு ஒரு தரம் "மாதா" என்று கூப்பிடுவார். அடியிலிருந்து "இருக்கேன் கௌட்ரே" என்று வரும். இன்னொரு கயிற்றில் கூடை கூடையாக ராகி மேலே வந்தது. வெயிலில் கொட்டினால் நேற்று அடித்த ராகி போலச் செக்கச்செவேலென்று மின்னியது. இரண்டு கையாலும் அள்ளிப் பார்த்தேன். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ராகியைப் பார்த்து அழுத முதல் அய்யங்கார் நானாகத்தான் இருப்பேன்.

முதல் கூடையை நேரே திரிகைக்குக் கொண்டுபோனார்கள். அதற்கும் ஒரு வழக்கம் உண்டு. பிரிப்பதற்கு முன்னால் பங்குக்காரர்கள் எல்லாரும் குழி வாயில் உட்கார்ந்து, அதே ராகியில் களி கிண்டிச் சாப்பிட வேண்டும். பிற்பாடு யாரும் தானியத்தில் குறை சொல்லக் கூடாது அல்லவா? பழனியம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு துடுப்பைப் பிடித்தாள்.

உச்சி வெயிலில் மாதையா மேலே வந்தார். புருவமெல்லாம் தூசி. கயிறு அவிழவில்லை. வேலை பாக்கி இருக்கிறதே! கீழ்த்தெருக்காரர்களும் இன்றைக்குப் பங்குக்காரர்கள். ஆகவே மாதையா உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்தால் கௌடர் எங்கே போவார்? கயிறு எட்டும் தூரத்தில்தானே போக முடியும்? நின்றுகொண்டே இருந்தார்.

அப்போது கௌடர் சம்சாரம் தலையில் ஒரு பாத்திரத்தோடு வந்தாள். புருஷன் கட்டிப்போட்ட மாதிரி நிற்பதைப் பார்த்துத் திகைத்து, பாத்திரத்தைக் கீழே வைத்தாள். மூடியைத் திறந்தாள். அவரைக்காய்ச் சாறு. வெறும் சாறு மட்டும்.

"முத்தே எங்கே?" என்று யாரோ கேட்டார்கள். முத்தே என்றால் இங்கே களி உருண்டை.

அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். கௌடர்தான் பதில் சொன்னார். "வீட்டுல மாவு இல்லே. பத்து நாளாச்சு."

ஊர்த் தலைவர் வீட்டில் மாவு இல்லை! அது அவர் தெருவுக்கே தெரியாது. பத்து நாளாக மீசையை முறுக்கிக்கொண்டு மந்தையில் உட்கார்ந்திருந்தவர் வயிறும் எங்கள் மேஸ்திரி காளியப்பன் வயிறு மாதிரியேதான் இருந்திருக்கிறது. மாதையா அவரை நிமிர்ந்து பார்த்தார். தன் பக்கத்தில் இருந்த கல்லைத் துடைத்துவிட்டுக் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார். கௌடர் உட்கார்ந்தார்.

களி பழனியம்மா சட்டியிலிருந்து. சாறு கௌடர் வீட்டிலிருந்து. மேல்தெருவில் இரண்டு மூன்று பேர் எழுந்து போய்விட்டார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மற்றவர்கள் போகவில்லை. எனக்கும் ஓர் இலை போட்டாள் பழனியம்மா. தயிர் சாத மூட்டை மடியில் இருந்தது. அது அங்கேயே இருந்தது. களியை வாயில் போட்டு மென்றேன்... மெல்லவே கூடாதாம்! கிள்ளி, சாறில் புரட்டி, அப்படியே விழுங்க வேண்டுமாம். நான் அசை போடுவதைப் பார்த்து மாதையா சிரித்தார். கௌடரும் சிரித்தார். அன்றைக்கு இருவரும் சேர்ந்து செய்த முதல் காரியம் என்னைப் பார்த்துச் சிரித்ததுதான்.

குழியை முழுக்கக் காலி செய்யவில்லை. இடுப்பளவு விட்டுவிட்டார்கள். அது பெய்யாமல் போகும் மழைக்காக. வரும் அறுவடையில் இரண்டு தெருவும் சேர்ந்து நிரப்ப வேண்டும். டவுனுக்கு இனி தெருவுக்கு ஒரு வண்டியாகச் சேர்ந்துதான் போக வேண்டும் என்றும் பேச்சாயிற்று.

பொழுது சாய, மூட்டை மேல் என்னை ஏற்றி உட்கார வைத்தார்கள். நான் பர்மிட் அல்லவா? ஆனால் கௌடரும் மாதையாவும் வண்டிக்கு முன்னால் நடக்க ஆரம்பித்தார்கள். இப்போது கயிறு இல்லை. சுருட்டிக் கௌடர் தோளில் கிடந்தது. கருகின புளியமரத்தடியில் கௌடர் நின்றார்.

"இங்கேதான் ஓடினேன்."

மாதையாவும் நின்றார். "ஆமா கௌட்ரே. இப்ப நடந்துதானே வந்தீங்க."

மரத்தைத் தாண்டி மெயின் ரோடு வரைக்கும் கூடவே வந்து எங்களை அனுப்பிவிட்டு, இருட்டில் இருவரும் திரும்பிப் போனார்கள்.

பின்கட்டுச் சுவர் நேற்று முடிந்தது. சுண்ணாம்புக் கலவை நல்ல கெட்டி என்று எங்காத்துக்காரர் தட்டித் தட்டிப் பார்க்கிறார்... அது நிற்பது ராகியில் என்று இந்தப் பத்தியைப் படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.