மாடிவீட்டு சிஸ்டரும் டீச்சரும்

ஊட்டியில் ஒரு பாறை. அதன்மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு சிஸ்டர் உட்கார்ந்திருக்கும் படம் ஒன்று. அதே பாறையில், அதே வெயிலில், டீச்சர் உட்கார்ந்திருக்கும் படம் இன்னொன்று. ஒருவரை ஒருவர் எடுத்தது. இரண்டையும் என் சாப்பாட்டு மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "இத விட்டா எங்ககிட்ட வேற ஒண்ணும் இல்லீங்க அக்கா" என்றார் டீச்சர். இருவரும் சேர்ந்து நிற்கிற படம் ஒன்றுகூடக் கிடையாது. யாராவது பார்த்துவிட்டு ஏதாவது கேட்டுவிடுவார்களோ என்ற பயத்தில் எடுக்காமலே விட்டிருந்தார்கள்.

கோயமுத்தூர் கணபதியில் நாங்கள் கீழ்வீட்டிலும் அவர்கள் மாடியிலுமாகப் பல வருடம் குடியிருந்தோம். சிஸ்டர் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் குடும்பம். டீச்சர் பள்ளியில் கணக்கு எடுத்தார், தாராபுரத்துக்காரர். தெருவில் யாரும் அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சிநேகிதிகள் என்றார்கள் சிலர், ஒன்றுவிட்ட அக்கா தங்கை என்றார்கள் சிலர். இருவரும் எதையும் மறுத்துப் பேசியதில்லை. சிஸ்டர் டெங்கு காய்ச்சலில் படுத்திருந்தபோது நான் கஞ்சி எடுத்துக்கொண்டு மேலே போனேன். டீச்சர் அவர் காலை மடியில் வைத்து நகம் வெட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பதறவில்லை. "வாங்க அக்கா, உக்காருங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த விரலைப் பிடித்தார். எனக்குப் புரிந்துவிட்டது. நானும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

சிஸ்டருக்கு இங்கிலாந்தில் வேலை கிடைத்தது. மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டே, "அங்க போனா ஊடு பாக்கறப்ப பொய் சொல்ல வேண்டியதில்லீங்க அக்கா" என்றார். அவர் ஆசைப்பட்டது அவ்வளவுதான். முதலில் அவர் போனார். பின்னாலேயே போகப்போகிறோம் என்ற நம்பிக்கையில் டீச்சர் பள்ளி வேலைக்கு ராஜினாமா எழுதிக்கொடுத்துவிட்டார். அதன்பிறகுதான் விசாவுக்கு ஆதாரம் கேட்டார்கள். இருவரும் இணையாக ஒரே வீட்டில் வாழ்ந்ததைக் காட்ட வேண்டுமாம். வாடகைப் பத்திரம் சிஸ்டர் பெயரில். கேஸ் இணைப்பும் அவர் பெயரில். டீச்சருடைய அடையாள அட்டைகள் எல்லாவற்றிலும் தாராபுரத்து விலாசம். யார் கண்ணிலும் படாமல் இருக்க அத்தனை வருடம் பாடுபட்டவர்களிடம், நீங்கள் சேர்ந்திருந்ததை யார் பார்த்தார்கள் என்று கேட்டால் என்ன செய்வார்கள்?

நான் பார்த்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். டீச்சர் துணிந்து முன்வீட்டில் இருந்த வீட்டு உரிமையாளரிடமும் போய்க் கேட்டார். அவர் எழுந்து நின்று, "அம்மணி, நீங்க ரெண்டு பேரும் நல்ல புள்ளைங்கதானுங்க. இந்தச் சமாச்சாரத்துல என்னைய இழுக்க வேண்டாமுங்க" என்றார். நாலு நாள் கழித்து அவரே மாடியேறி வந்தார். பையனுக்குப் பெண் பார்க்கிறோம், மாடி வேண்டும் என்றார். "அவசரமில்லீங்க, மாசம் முடியறதுக்குள்ள பாத்துக்குங்க." ஒரு 'ங்க'கூடக் குறையவில்லை. எங்கள் ஊரில் கழுத்தைப் பிடித்துத் தள்ளுவதும் அப்படித்தான். அந்த மாடி பிறகு பல மாதம் பூட்டியே கிடந்தது.

விசா மறுக்கப்பட்டது. வேலையில்லாத, கல்யாணமாகாத, தனியான பெண்ணுக்கு வீடு கொடுக்க ஆளில்லை. டீச்சர் தாராபுரத்துக்கு அண்ணன் வீட்டுக்கே போனார். திரும்பி வந்துவிடுகிறேன் என்று சிஸ்டர் போனில் அழுதிருக்கிறார். "நீயும் வந்துட்டா அப்புறம் ரெண்டு பேருக்கும் போக்கிடம் இல்ல, இன்னொருக்கா எழுதிப்போட்டுப் பாக்கலாம்" என்று டீச்சர்தான் தடுத்தார். அவர் தடுத்தது சரியென்றே எனக்கும் அன்று தோன்றியது.

ஒரு மத்தியானம் அண்ணன் வீட்டில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருக்கிறார்கள். டீச்சர் போனில் வெளிநாட்டு எண். சிஸ்டர் வேலை பார்த்த மருத்துவமனையிலிருந்து ஒரு பெண். வேலைக்குச் சேர்ந்த அன்றே சிஸ்டர் தன் நெருங்கிய உறவாக டீச்சரைக் குறிப்பிட்டிருக்கிறார். அந்தப் பெண், நீங்கள் அவருடைய இணைதானே என்று ஆங்கிலத்தில் கேட்டாள். தட்டுக்கு முன்னால் அண்ணன், அண்ணி, பிள்ளைகள். ஆமாம், நான்தான் அவருடைய இணை என்று டீச்சர் பதில் சொன்னார். சிஸ்டருக்கு மூளையில் ரத்தக்கசிவு, நினைவு திரும்பவில்லை, இனி திரும்பாது என்றார்கள். எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கினார்களாம். "அவங்க என்னைய நம்பிட்டாங்க அக்கா. ஒரு காகிதமும் கேக்கல" என்று பிற்பாடு என்னிடம் சொன்னார்.

அண்ணன் திட்டவில்லை. சாப்பிட்டுக் கைகழுவினார். சாயங்காலம் அண்ணி துணிகளை மடித்துப் பையில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். அந்தப் பையோடு பஸ் ஏறி டீச்சர் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

இப்போது அவர் ஒரு பெண்கள் விடுதியில் தங்கி டியூஷன் எடுக்கிறார். சில ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார். காய் நறுக்கிக் கொடுப்பார், விலைவாசி பேசுவார். மாடியில் வேறு குடும்பம் இருக்கிறது. படியேறும் செருப்புச் சத்தம் கேட்டால் பேச்சை நிறுத்திவிட்டு, சத்தம் போய்ச்சேர்ந்த பிறகு தொடர்வார். சிஸ்டரின் உடல் பொள்ளாச்சிக்கு வந்த அந்த நாளைப் பற்றி மட்டும் நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை.

அன்று நான்தான் அவரைக் கூட்டிப் போனேன். தோப்பு நிறைய ஜனம். பெட்டியைச் சுற்றிச் சொந்தக்காரப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். டீச்சர் சுவரோரமாக நின்று, அழாமல், பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். சிஸ்டரின் பெரியம்மா எங்களைக் கவனித்து எழுந்து வந்தார்.

"ஏனுங்க அம்மணி, நீங்க யாருங்க? எங்க புள்ளைக்கு என்ன வேணுமுங்க?"

நான் வாயெடுப்பதற்குள் டீச்சர் தெளிவாகச் சொன்னார். "நான் அவங்க ஊட்டுக்காரம்மாங்க."

நான் சட்டென்று அவர் முழங்கையைப் பிடித்தேன். பெரியம்மாவின் முகம் இளகியது.

"அப்படிங்களா. வாடகைக்கு இருந்த புள்ளைக்காக இத்தன தூரம் வந்திருக்கறீங்களே" என்று டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு திரும்பி, "கோயமுத்தூருல இவ குடியிருந்தது இவங்க ஊடுதானாம், ஒரு சேர் கொண்டாங்க" என்று குரல் கொடுத்தார்.

டீச்சர் பெட்டியைத் திரும்பிப் பார்த்தார்.

"ஆமாங்க" என்றார். "எங்க ஊடுதானுங்க."

சேர் வந்தது. உட்கார்ந்தார்.